எந்த டிஸ்க், தம்பி?

'எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு ஸர்வர் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க். "நீதானேப்பா கம்ப்யூட்டர் படிச்சவன், ரெய்டு போட்டுடு" என்கிறார் மானேஜர். நான் படித்தது பி.காம். கூட ஓர் ஆறு மாச கோர்ஸ். எனக்குத் தெரிந்த ரெய்டு இன்கம்டாக்ஸ் ரெய்டு ஒன்றுதான். கறுப்புத் திரையில் கமாண்டு அடித்துத்தான் செய்ய வேண்டுமாம். கொஞ்சம் விளக்க முடியுமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விளக்கலாம். இரண்டு ரெய்டுக்கும் சின்ன வித்தியாசம்தான். ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இன்கம்டாக்ஸ் ரெய்டில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த ரெய்டில் தப்பித்துக்கொள்வீர்கள்.

முதலில் ஜாதகம். 1987-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி கட்ஸ் என்று மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருஷம், 1988-ல், ஒரு மாநாட்டில் அது வெளியாயிற்று. அந்தக் காலத்தில் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய டிஸ்க். ஐ.பி.எம். 3380 என்று ஒரு யானை, 7,500 மெகாபைட் பிடிக்கும். அதே சமயம் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்காக 100 மெகாபைட்டில் சின்னச் சின்ன டிஸ்குகள் மலிவாக வந்துகொண்டிருந்தன. 'ஒரு யானைக்குப் பதில் 75 ஆடு கட்டினால் என்ன?' என்பதுதான் அவர்கள் கேள்வி. தீனி குறைவு. வேகமும் அதிகம், ஏனென்றால் எல்லா ஆடும் ஒரே சமயத்தில் மேயும்.

ஒரே ஒரு சிக்கல். ஆடுகள் சாகும். ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், நூறு டிஸ்குகளை வரிசையாக மாட்டும்போது 300 மணி நேரத்துக்கு ஒன்று மண்டையைப் போடும். இரண்டு வாரம்கூட ஆகாது. கல்யாணப் பந்தலில் நூறு பல்பு மாட்டிப் பாருங்கள், தாலி கட்டுமுன் ஏதாவது ஒன்று அணைந்திருக்கும். ஆகவே உபரியாகச் சில டிஸ்குகளை வைத்து, ஒன்று போனாலும் அதிலிருந்த தகவலை மற்றவற்றிலிருந்து மீட்கும்படி செய்தார்கள். 'ரிடன்டன்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்ஸிவ் டிஸ்க்ஸ்' என்பதன் முதலெழுத்துகள்தான் ரெய்டு. 'உபரியுள்ள மலிவு டிஸ்க் வரிசை' எனலாம். பிற்பாடு வியாபாரிகள் கைக்குப் போனதும் 'இன்எக்ஸ்பென்ஸிவ்' மெல்ல 'இன்டிபென்டன்ட்' ஆகிவிட்டது. விலைச்சீட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ரெய்டில் எண்கள் உண்டு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஐந்து போதும்.

ரெய்டு 0: தகவலைத் துண்டு போட்டு எல்லா டிஸ்கிலும் பரப்புவது. வேகம் உண்டு. பாதுகாப்பு அந்தப் பூஜ்யம்தான். ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

ரெய்டு 1: கண்ணாடி. இரண்டு டிஸ்கிலும் ஒரே சமாசாரம்.

ரெய்டு 10: கண்ணாடி ஜோடிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் ரெய்டு 0.

ரெய்டு 5: ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு 6: இரண்டு போனாலும் தாங்கும்.

உங்களிடம் 4 டெராபைட் டிஸ்க் நாலு இருந்தால் ரெய்டு 0-வில் 16 டெராபைட் கிடைக்கும். ரெய்டு 5-ல் 12. ரெய்டு 10-லும் 6-லும் 8.

ஐந்தாம் நம்பரில்தான் வேடிக்கை. மூன்று டிஸ்க் அளவு தகவலை, உபரியாக ஒரே ஒரு டிஸ்க் அளவு இடத்தை வைத்து எப்படிக் காப்பாற்ற முடியும்? மாடிப்படி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும். மாறிச் சாய்ந்திருந்தால் எரியும். கீழே நின்றுகொண்டு கீழ் ஸ்விட்சையும் விளக்கையும் பார்த்தாலே மேல் ஸ்விட்ச் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம், மாடி ஏற வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். அந்த விளக்குக்கு 'பாரிட்டி' என்று பெயர். மூன்று டிஸ்கில் 1, 0, 1 என்று இருந்தால் ஒன்றுகள் இரண்டு, இரட்டைப்படை. ஆகவே நாலாவதில் 0 எழுதுவார்கள். மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 1, 0, நாலாவதில் 0. ஒன்றுகள் இரட்டைப்படையாக வேண்டுமே? அப்படியானால் செத்துப்போன ஆசாமி 1. இதையே கோடிக்கணக்கான தடவை செய்தால் முழு டிஸ்கும் உயிர்த்தெழும். (நிஜத்தில் பாரிட்டியை ஒரே டிஸ்கில் வைக்காமல் நாலிலும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். வேலைப்பளு சமமாக இருக்கட்டும் என்று.)

இப்படிப் பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டி, கம்ப்யூட்டருக்கு ஒரே டிஸ்க் மாதிரி காட்டுவதுதான் 'வர்ச்சுவல் டிஸ்க்'. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே ரேஷன் கார்டு மாதிரி. வெளியே ஒரு கார்டு. உள்ளே யார் யார், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது குடும்பத் தலைவருக்குத்தான் தெரியும். இங்கே தலைவர் என்பது ரெய்டு கண்ட்ரோலர் என்கிற ஓர் அட்டை. அட்டை வாங்க வசதியில்லாவிட்டால் லினக்ஸே தலைவர் வேலையைப் பார்க்கும்.

இந்தத் தலைவரோடு பேசுவதற்குத்தான் கமாண்டு. மெகா ரெய்டு வகை அட்டைகளுக்கு முதலில் மெகா சி.எல்.ஐ. என்று ஒரு கருவி இருந்தது. அதன் கமாண்டுகளைப் பார்த்தால், டைப்ரைட்டர் மேல் பூனை நடந்தது போல இருக்கும். பிறகு வந்த ஸ்டோர் சி.எல்.ஐ. கொஞ்சம் மனுஷ பாஷை. டெல் ஸர்வர்களில் அதுவே பெர்க் சி.எல்.ஐ. என்று வேஷம் மாற்றிக்கொண்டு வரும்.

'மௌஸால் க்ளிக் செய்யும் திரைகளும் இருக்கின்றனவே ஸார்?' என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் ராத்திரி 2 மணிக்கு வீட்டிலிருந்து ஸர்வரைப் பார்க்கும்போது கறுப்புத் திரைதான் சட்டென்று வரும். அதைவிட முக்கியம், க்ளிக் செய்ததை மறுநாள் யாராலும் சொல்ல முடியாது. அடித்த கமாண்டை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அடிக்கும் முன்னாலேயே எழுதி, பக்கத்து ஸீட்காரரிடம் காட்டவும் செய்யலாம்.

ஸ்டோர் சி.எல்.ஐ.யில் முதல் கமாண்டு 'ஷோ'. 'சி 0, ஷோ' என்றால் 'பூஜ்யமாவது கண்ட்ரோலரே, உம் குடும்ப நிலவரம் என்ன?' என்று அர்த்தம். பட்டியல் வரும். ஒவ்வொரு டிஸ்குக்கும் 252:0, 252:1 என்கிற மாதிரி ஒரு விலாசம். முதல் எண் பெட்டிக்கு, இரண்டாவது அந்தப் பெட்டியில் எந்தப் பொந்து என்பதற்கு. அடுத்தது 'ஆட் வி.டி.' வி.டி. என்றால் வர்ச்சுவல் டிஸ்க். வகை ரெய்டு 5, டிஸ்குகள் 252:0 முதல் 3 வரை என்று ஒரே வரி. என்டர் தட்டினால் முடிந்தது. நாலு டிஸ்க் ஒன்றாகிவிடும்.

ஒரே வரிதான். அதனால்தான் பயப்பட வேண்டும்.

ஒரு சின்ன சமாசாரத்தைக் கவனித்தீர்களா? பொந்துகள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கின்றன. நாலு பொந்து என்றால் 0, 1, 2, 3. 'ரெண்டாம் நம்பர் டிஸ்க்' என்பது இடமிருந்து மூன்றாவது. பூஜ்யத்தை உலகத்துக்குக் கொடுத்ததாகப் பெருமைப்படும் நாம், எதையாவது எண்ணச் சொன்னால் மட்டும் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிப்போம்.

நண்பர் ஒருவரின் ஆபீஸில் இது நடந்தது. மாசக் கடைசி, சாயங்காலம் 5 மணி. மறுநாள் 140 பேருக்குச் சம்பளம் போட வேண்டும். கணக்கு முழுக்க நாலு டிஸ்க் ரெய்டு 5-ல். அதில் இரண்டாம் நம்பர் டிஸ்க் பழுது என்று திரை சொல்கிறது. (அது செத்துப் பத்து நாளாகியிருந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. ரெய்டு பாட்டுக்கு மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.) பழுதான டிஸ்கில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அந்தப் பெட்டியில் எரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசமான ஒரு பையன் புது டிஸ்கும் கையுமாகப் போனான். இடமிருந்து எண்ணினான். ஒண்ணு, ரெண்டு. இழுத்தான்.

அவன் இழுத்தது ஒன்றாம் நம்பர். நன்றாக இருந்த டிஸ்க்.

ஒரு டிஸ்க் போனால் தாங்கும் குடும்பத்தில் இப்போது இரண்டு பேர் இல்லை. வர்ச்சுவல் டிஸ்க் படுத்துவிட்டது. பெட்டி வீல் என்று கத்த ஆரம்பித்தது. மானேஜர் ஓடி வந்தார்.

'என்னய்யா கத்துது?'

'தெரியலை ஸார், தானா நின்னுடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் சொல்லியிருப்போம். டிஸ்கை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

பையன் சொன்னது: 'நான்தான் ஸார். ரெண்டாம் நம்பரை எடுக்கணும். ஒண்ணை எடுத்துட்டேன். இப்ப மணி 5.10. அதுக்கப்புறம் எதையும் தொடலை.'

மானேஜருக்கு முகம் சிவந்தது. அதற்குள் ஆளாளுக்கு யோசனை. 'ரெண்டு டிஸ்கையும் வலுக்கட்டாயமா ஆன்லைன் கொண்டு வந்துடலாம்' என்றார் ஒருவர். 'அழிச்சுட்டு அதே மாதிரி புது ரெய்டு போட்டு இனிஷியலைஸ் பண்ணுங்க, சரியாயிடும்' என்றார் இன்னொருவர். (இனிஷியலைஸ் என்பது வீட்டுக்கு வெள்ளையடிப்பது இல்லை. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்குவது.) நல்லவேளையாக, நண்பருக்குத் தெரிந்த ஒரு ஸர்வீஸ் எஞ்சினீயர் போனில் கிடைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

'எந்த டிஸ்க், தம்பி?'

தம்பி சொன்னான். எது எப்போது செத்தது, எது எப்போது இழுக்கப்பட்டது என்று இரண்டையும் தேதி, நேரத்தோடு.

'போதும்ப்பா, பொழைச்சோம்' என்றார் எஞ்சினீயர்.

ஏன் பிழைத்தார்கள் என்றால், இரண்டு டிஸ்கில் ஒன்றில் 5.10 வரைக்குமான கணக்கு இருக்கிறது. மற்றதில் பத்து நாள் பழைய கணக்கு. பழையதை ஆன்லைன் கொண்டு வந்து மற்றவற்றோடு சேர்த்திருந்தால், மாடிப்படி விளக்கு ஒன்று சொல்லும், ஸ்விட்ச் வேறு சொல்லும். பத்து நாள் முன்னால் இருந்ததும் இன்றைக்கு இருப்பதும் கலந்து கூழாகியிருக்கும். எது எது என்று தெரிந்ததால் ஒன்றாம் நம்பரை மட்டும் அதே பொந்தில் திருப்பிச் செருகினார்கள். கண்ட்ரோலர் அதை 'ஃபாரின்' என்று சொல்லிற்று. ஒரு தடவை வெளியே போய்விட்டு வந்தால் கம்ப்யூட்டரிலும் ஃபாரின் ரிட்டர்ன்தான். 'இம்போர்ட்' என்று ஒரு கமாண்டு. குடும்பம் மூன்று காலில் மறுபடி எழுந்து நின்றது. முதல் காரியமாக எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் செத்த டிஸ்கை மாற்றினார்கள். சம்பளம் ஒரு நாள் தாமதமாக வந்தது. 140 பேரும் 'என்னய்யா கம்பெனி இது' என்று அலுத்துக்கொண்டதோடு சரி. என்ன தப்பியது என்று அவர்களுக்குத் தெரியாது.

எந்த டிஸ்க் என்று எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை என்பது இதில் கூடுதல் சோகம். ஸ்டோர் சி.எல்.ஐ.யில் 'ஸ்டார்ட் லொகேட்' என்று ஒன்று உண்டு. டிஸ்கின் விலாசத்தைக் கொடுத்து இதை அடித்தால் அந்த டிஸ்கின் விளக்கு மட்டும் பளிச் பளிச் என்று சிமிட்டும். 'ஸ்டாப் லொகேட்' என்றால் நிறுத்தும். விளக்கே கெட்டுப்போயிருந்தாலும் ஒவ்வொரு டிஸ்கின் ஸீரியல் நம்பரையும் கமாண்டு காட்டும். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் நம்பரோடு ஒத்துப் பார்க்கலாம். ஸர்வர் வந்த அன்றைக்கே அதைக் குறித்து வைத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

கண்ட்ரோலர் அட்டை இல்லாதவர்களுக்கு லினக்ஸில் ஒரு கருவி இருக்கிறது. பெயர் எம்.டி.ஏ.டி.எம். (கடைசியில் ஏ.டி.எம். இருந்தாலும் பணம் வராது.) நீல் பிரவுன் என்பவர் எழுதியது. இதிலும் ஒரு வரிதான். கிரியேட், பெயர் எம்.டி. 0, லெவல் 5, டிஸ்க் எண்ணிக்கை 4, அப்புறம் நாலு டிஸ்கின் பெயர்.

டிஸ்கின் பெயரில்தான் சூட்சுமம். லினக்ஸ் தன் டிஸ்குகளை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.ஸி. என்று கண்ணில் பட்ட வரிசையில் கூப்பிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், அல்லது நடுவில் ஒரு யு.எஸ்.பி. டிஸ்கைச் செருகினால், நேற்றைய பி இன்றைக்கு ஸி ஆகலாம். எம்.டி.ஏ.டி.எம். இதில் ஏமாறாது. ஒவ்வொரு டிஸ்கின் உள்ளேயும் தன் குடும்பப் பெயரை எழுதி வைத்துக்கொண்டிருக்கும். ஏமாறுவது நாம்தான். ஆகவே 'எஸ்.டி.பி.' என்று அடிக்கும் முன் அதன் ஸீரியல் நம்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸீரியல் நம்பர் அடங்கிய நீளமான பெயரையே கமாண்டில் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் கொடுத்த டிஸ்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், எம்.டி.ஏ.டி.எம். மரியாதையாகக் கேட்கும்: 'இதில் ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறாற்போலத் தெரிகிறது. தொடரட்டுமா?' பதிலுக்கு நாம் 'ஒய்' என்று தட்டுவோம். படிக்காமல் தட்டுவோம். பாங்கில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, 'எங்கே, இங்கேயா, சரி' என்று. எஸ் சொல்வதற்கு விரல் பழகிவிட்டது. அட்டை வகையில் இதே கதைதான், இருக்கும் வர்ச்சுவல் டிஸ்கை அழிக்கப் போனால் 'உள்ளே ஏதோ இருக்கிறது, நிச்சயமாக வேண்டுமென்றால் "ஃபோர்ஸ்" என்று சேர்த்து அடி' என்று மறுக்கும். நாமும் சேர்த்து அடிப்போம். ஆகவே ஒரு சின்ன விரதம். திரை கேள்வி கேட்டால் கீ போர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரெய்டு 5 போட்ட உடனே நிலவரத்தைப் பார்த்தால் யூ, யூ, யூ, அப்புறம் ஓர் அடிக்கோடு என்று காட்டும். 'ஐயோ, புது டிஸ்க், அதற்குள் ஒன்று போச்சா?' என்று பதற வேண்டாம். நாலாவது டிஸ்கை வெளியே நிற்க வைத்து, மற்ற மூன்றிலிருந்தும் கணக்குப் போட்டு அதை நிரப்புவது எம்.டி.ஏ.டி.எம்.மின் வழக்கம். நிரம்பியதும் நாலாவது யூ வந்துவிடும். எவ்வளவு நேரம்? 4 டெராபைட் டிஸ்க், விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் ஏழரை மணி நேரம். (ஏழரை என்றதும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கு அப்படி வருகிறது.) முடிந்ததும் குடும்ப விவரத்தை அதற்கான கோப்பில் எழுதிச் சேமித்துவிடுங்கள். மறந்தால், எம்.டி. 0 என்று நீங்கள் ஆசையாகப் பெயர் வைத்தது, மறுநாள் காலை 127 என்ற பெயரில் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

கண்ட்ரோலர் அட்டை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 'ரைட் பேக்' என்று ஒரு வசதி. 'தபால்ல போட்டுட்டேன் ஸார்' என்பார் பியூன். கடிதம் அவர் பாக்கெட்டிலேயே இருக்கும். சாயங்காலம் போகிற வழியில் போட்டுவிடுவார். அந்த மாதிரி, டிஸ்கில் எழுதும் முன்பே 'எழுதிவிட்டேன்' என்று சொல்வதால் வேலை வேகமாக நடக்கும். நடுவில் கரண்ட் போனால் பாக்கெட்டில் இருந்த கடிதம் போச்சு. அதற்காக அட்டையில் ஒரு பாட்டரி வைத்திருப்பார்கள். பாட்டரி செத்துவிட்டால் புத்தியுள்ள கண்ட்ரோலர் தானாகவே 'ரைட் த்ரூ'வுக்கு, அதாவது எழுதிவிட்டுச் சொல்லும் வழக்கத்துக்கு, மாறிவிடும். 'பாட்டரி செத்தாலும் பரவாயில்லை, வேகம்தான் வேண்டும்' என்று 'ஆல்வேஸ் ரைட் பேக்' போடவும் கமாண்டு உண்டு. போடாதீர்கள். அது ப்ரேக் இல்லாத பைக்கில் ஹாரனை நம்பிப் போவது.

இவ்வளவும் செய்தபின் 'அப்பாடா, ரெய்டு இருக்கு, இனி பேக்கப் எதுக்கு?' என்று தோன்றும். இங்கேதான் பெரிய கம்பெனிகளே கவிழ்ந்திருக்கின்றன. ரெய்டு காப்பாற்றுவது டிஸ்கின் சாவிலிருந்து. உங்கள் விரலிலிருந்து அல்ல. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் நாலு டிஸ்கிலும் ஒழுங்காக, வேகமாக, பாரிட்டியோடு அழித்துவிடும்.

2017 ஜனவரி 31. ப்ரோக்ராம் எழுதுகிறவர்களின் கோப்புகளைப் பாதுகாக்கும் கிட்லேப் என்ற கம்பெனி. இரண்டு ஸர்வர். ஒன்று பிரதானம், மற்றது துணை. துணையில் ஏதோ கோளாறு, நேரமோ ராத்திரி. அதிலிருக்கும் தகவலை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று ஓர் எஞ்சினீயர் கமாண்டு அடித்தார். ஒரிரு விநாடியில் உறைத்தது. அடித்தது பிரதான ஸர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிச்சம். ஐந்து விதமான பேக்கப் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்னால் வேறு காரியத்துக்காக யதேச்சையாக எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். ஆனால் கம்பெனி ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததை நிமிஷ வாரியாக எழுதி உலகத்துக்கே வெளியிட்டார்கள். அந்த எஞ்சினீயரின் பெயரை மட்டும் போடவில்லை. யார் என்பதைவிட எப்படி என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் அழிக்கும் கமாண்டைத் தவறான இடத்தில் அடித்துவிட, படத்தின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து காணாமல் போயின. பேக்கப்பும் சரியாக எடுக்கப்பட்டிருக்கவில்லை. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த காலின் ஸஸ்மன் என்ற பெண்மணிக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வை சுற்றி, காரில் குழந்தையை ஏந்தி வருவது போல ஆபீஸுக்குக் கொண்டு வந்தார்கள். 1999-ல் படம் வெளியாயிற்று. நீதி: ஒரு பிரதியாவது வேறு கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

ஆகவே ரெய்டு போடக் கிளம்பும் இளைஞர்களுக்கு அடியேன் சொல்வது கொஞ்சம்தான்.

முதல் நாளே பொந்து நம்பர், ஸீரியல் நம்பர் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். பூஜ்யத்திலிருந்து.

எந்தக் கமாண்டையும் முதலில் 'ஷோ' போட்டுப் பார்த்த பிறகே அடியுங்கள். எந்த மெஷினில் இருக்கிறீர்கள் என்று திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும். அதையும் படியுங்கள்.

டிஸ்க் செத்தால் உங்களுக்குத் தகவல் வரும்படி செய்யுங்கள். எம்.டி.ஏ.டி.எம்.மில் 'மானிட்டர்' என்று ஒன்று இருக்கிறது, தானே மெயில் அனுப்பும்.

பேக்கப்பை எடுப்பதோடு நிற்காமல், மாசம் ஒரு தடவை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்கள். திறக்கிற வரையில் அதைப் பேக்கப் என்று சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். இதற்கு ஸர்வர் வேண்டாம். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் நூறு மெகாபைட்டில் நாலு வெற்று ஃபைல் உண்டாக்கி அவற்றையே டிஸ்க் என்று எம்.டி.ஏ.டி.எம்.மை நம்ப வைக்கலாம். ரெய்டு 5 போடுங்கள். உள்ளே உங்கள் போட்டோ நாலைப் போடுங்கள். 'ஃபெயில்' கமாண்டு கொடுத்து ஒரு டிஸ்கைச் சாகடியுங்கள். போட்டோ அப்படியே இருக்கும். 'ரிமூவ்', அப்புறம் 'ஆட்'. செத்தது உயிர் பெறுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு இரண்டைச் சாகடியுங்கள். போட்டோ போய்விடும். அந்தத் திகிலை ஓசியில் ஒரு தடவை அனுபவித்துவிட்டால், நிஜமான பெட்டி முன்னால் விரல் கொஞ்சம் நிதானமாக இறங்கும்.

மானேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆபீஸில் என்றைக்காவது ஒரு பையன் வெளிறின முகத்தோடு வந்து 'நான்தான் ஸார்' என்று சொன்னால், முதல் ஒரு மணி நேரம் அவனைத் திட்டாதீர்கள். எந்த டிஸ்க், எத்தனை மணி, என்ன கமாண்டு என்பது அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் கம்பெனியிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பயந்தால் மறந்துவிடுவான், அல்லது மறைத்துவிடுவான். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் உங்களுக்கு.

எல்லாம் திரும்பி வந்து, காப்பியும் எடுத்தபின் தாராளமாகத் திட்டலாம். திட்டை அவன் மறக்க மாட்டான். அதற்குப் பேக்கப் தேவையில்லை.